நுண்ணுயிர் ஆய்வும் அகிம்சை விரதமும்

சென்ற அஷ்டாஹ்னிகப் பருவத்தில் மயிலாப்பூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் நந்தீசுவர பூஜை நடைபெற்றது. பூஜை நிறைவுற்று, பொழுது சாயுமுன் உணவும் முடிந்தபின், பெண்டிர் சிலர் கூடத்தில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தோம். தியாகராய நகரிலிருந்து வந்திருந்த ஒரு தாய் நம்மை நோக்கி ஒரு வினாவை எழுப்பினார்.

"டீச்சர்! என் மகளுக்கு நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வாம். அவள் மிக்க மகிழ்ச்சியில் இருக்கிறாள். என் மாமியாரோ, நாள்தோறும் கோடிக்கணக்கான உயிர்களை வளர்த்துக் கொல்லும் தொழில் நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆகுமா என்று கேட்கிறார். நீங்கள்தாம் ஒரு முடிவு சொல்ல வேண்டும்."

அன்று நாம் விடை கூறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவோடு நம்மிடம் ஒரு மாணவி வந்தார். நாம் வகுப்பெடுத்த பெண். நம் சமூகத்தைச் சார்ந்தவர். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மேற்கொண்டு நுண்ணுயிரியல் கற்க இடம் கிடைத்த செய்தியைச் சொல்லி ஆசி பெற வந்தவர். நாம் சற்றும் தயங்காமல், "தண்ணீரை வடிகட்டிப் பருகும் வீட்டில் பிறந்துவிட்டு, உயிர்களைத் தட்டில் வளர்த்துக் கொல்லவா போகிறாய்? வேறு படிப்பா கிடைக்கவில்லை?" என்று கூறினோம். அப்பெண் தலை கவிழ்ந்து எழுந்து சென்றார். ஆயினும் அப்படிப்பிலேயே சேர்ந்தார். இன்று அடையாறுப் பகுதியில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் மூத்த விஞ்ஞானியாகப் பணிபுரிகிறார். மகாவீரர் முக்தி பெற்ற தீபாவளித் திருநாளில் ஆண்டுதோறும் நம் இல்லத்திற்கு வந்து வணங்கிச் செல்லவும் தவறுவதில்லை.

அன்று நாம் கூறிய விடை தவறு. அது தவறென்று உணர நமக்குப் பல்லாண்டுகள் ஆயின. தியாகராய நகர்த் தாய்க்கு உரிய விடையை நிதானமாக எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

தீர்ப்புக் கூறுமுன் செயலை அறிதல் வேண்டும். நாம் அன்று அறியாமலே தீர்ப்புக் கூறினோம். பின்னர் அம்மாணவியிடமே கேட்டு அறிந்தவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

நோயாளியின் குருதி, சிறுநீர், சளி, சீழ் ஆகியவற்றிலிருந்து எடுத்த துளி, அகர் என்னும் கூழ் பரப்பிய தட்டில் இழுக்கப்படுகிறது. இக்கூழ் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. முன்னாளில் விலங்கின் எலும்பிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினையே இதற்குப் பயன்படுத்தினர். வெப்பத்தில் அது உருகிவிடும். 1881-ஆம் ஆண்டில் ஜெர்மனியில், ஆய்வாளர் ஒருவரின் மனைவியாகிய ஃபேனி ஹெஸ்ஸே என்னும் அம்மையார், தம் சமையலறையில் பழக்கூழ் செய்யப் பயன்படுத்திய கடற்பாசிப் பொருளை எடுத்துக் காட்டினார். அன்று முதல் உலகெங்கும் அகரே வழக்கிற்கு வந்தது.

அத்தட்டை 37 பாகை வெப்பத்தில் ஓரிரவு வைக்கின்றனர். ஈ. கோலை என்னும் பாக்டீரியா, சூழல் வாய்த்தால் இருபது நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்திற்கு மேல் ஆகும். வளர்ந்தவற்றை மற்றொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மருந்துக்கு அடங்குமாயின் வில்லையைச் சுற்றிலும் வட்டமாக வெறுமை தோன்றும். அடங்காவிடில் வில்லையின் ஓரம் வரை உயிர்கள் படர்ந்து நிற்கும். அடங்கியதற்கு 'எஸ்' என்றும், அடங்காததற்கு 'ஆர்' என்றும் குறிப்பர். மருத்துவர் எந்த மருந்தைத் தருவது என்பதை இந்த ஓரெழுத்துத்தான் முடிவு செய்கிறது. அதற்கு மேல், அடங்காமைக்குக் காரணமான மரபணு எது, அது எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் பரவுகிறது என்று தேடுவது மூத்த விஞ்ஞானியின் பணி.

அடங்காமை எவ்வாறு தோன்றுகிறது? மருந்தை உண்டு உண்டு பாக்டீரியாவுக்குப் பழகிவிடுகிறது என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. கோடிக்கணக்கில் பெருகும்போது சிலவற்றின் மரபணுவில் தற்செயலாக மாற்றம் நேர்கிறது. மருந்து வந்து மற்றவற்றைக் கொன்றதும், மாறியவை போட்டியின்றிப் பெருகுகின்றன. அன்றியும் ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்புத் திறனைப் பிறிதோர் இனத்துப் பாக்டீரியாவுக்கும் மரபணு வளையத்தின் வழியே கொடுத்துவிட வல்லது. எனவே, மருந்து எத்துணை முறை தேவையின்றிப் பயன்படுகிறதோ, அத்துணை முறை அடங்காதவற்றுக்கு நாமே களம் அமைத்துத் தருகிறோம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பதால் நேரும் இவ்விபத்தைப் பற்றி எச்சரித்தார்.

நம் ஊரில் நிகழ்ந்த வரலாறு

இது எங்கோ நடப்பதன்று. அடையாற்றை அடுத்த தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டாக்டர் ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் உள்ளது. அங்கு நுண்ணுயிரியல் துறையில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமி, பிரிட்டன் முதலிய இடங்களின் ஆய்வாளர்களோடு இணைந்து எழுதிய கட்டுரை 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியாயிற்று. கார்பபீனெம் என்னும் உயர்நிலை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதியை உடைய பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கிடைத்ததை அக்கட்டுரை உலகிற்கு அறிவித்தது.

பெரும் சர்ச்சை எழுந்தது. அந்நொதிக்குப் புதுதில்லியின் பெயர் முன்னரே, 2009-இல், இடப்பட்டிருந்தது. நாட்டிற்கு அவப்பெயர் என்றும், இங்கு சிகிச்சைக்கு வரும் அயல்நாட்டாரைத் தடுக்கும் சூழ்ச்சி என்றும் கண்டனங்கள் வந்தன. 2011 ஜனவரியில் லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் ஊர்ப்பெயரை இட்டமைக்கு வருத்தம் தெரிவித்தார். நோய்களுக்கு ஊர்ப்பெயர் இடுதல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் நெறிமுறை வகுத்தது.

அநேகாந்தம் கற்ற நமக்கு இதில் குழப்பம் வேண்டுவதில்லை. பெயர் புண்படுத்தியது உண்மை. கண்டறிந்த செய்தியும் உண்மை. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தல் சத்திய விரதமாகாது. அவ்வுண்மையை ஏற்றுக்கொண்டமையால்தான் 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவர் சங்கங்கள் நம் நகரில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்னும் செயல்திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச் 1 முதல் எச்-1 என்னும் அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் அடங்கிய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்றல் கூடாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். தட்டில் உயிர் வளர்த்த ஆய்வாளர்கள் இல்லையேல் இவற்றில் ஒன்றும் நடந்திராது.

இம்சையின் இலக்கணம்

இனி நம் ஆகமத்திற்கு வருவோம். உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர் போதலை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதத்தை முன்னே வைக்கிறது. இன்று பேச்சுவழக்கில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று பொருள். ஆகமத்தில் அதன் பொருள் அசட்டை, விழிப்பின்மை, கஷாயத்திற்கு வசப்பட்ட நிலை. அந்நிலையில் செய்யும் செயலே இம்சைக்கு வேர். அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனையே விரித்துரைக்கிறார்.

மேலும், இம்சை நால்வகைப்படும் என்று பெரியோர் பகுப்பர். வேண்டுமென்றே செய்வது, இல்லறக் காரியங்களில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன அவை. சிராவகர் முதலாவதை முற்றிலும் விடுதல் வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். தமிழ்ச் சமணராகிய நம்மவர் பெரும்பாலும் உழவர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளில் ஏர் பிடித்த நம் முன்னோர், கொழு முனையில் உயிர்கள் மாய்வதை அறிந்தே உழுதனர். உழவைப் பாவமற்றது என்று எவரும் கூறவில்லை. உழவனைக் கொலைஞன் என்றும் கூறவில்லை. தேவைக்கு உழுது, கவனத்தோடு உழுது, நேர்ந்ததற்குப் பிரதிக்ரமணம் செய்தனர். அதே அளவுகோலை நுண்ணுயிர் ஆய்வாளருக்கும் வைப்பதுதான் நியாயம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பாக்டீரியாவே நிகோத ஜீவன் என்று சிலர் எழுதுகின்றனர். நிகோதமோ, ஓருடலில் அனந்த உயிர்கள் உறைவது. ஒரு சுவாசத்தில் பதினெட்டு முறை பிறந்து இறப்பது என்று நூல்கள் பேசும். இவ்விரண்டையும் ஒன்றெனத் துணிந்துரைக்க நமக்கு ஆதாரம் இல்லை. பாக்டீரியாவும் உயிர் என்ற அளவே நமக்குப் போதும்.

ஆய்வுக்கூட நடைமுறையை மாணவி விளக்கியபோது நமக்கு ஐந்து சமிதிகள் நினைவுக்கு வந்தன. முனிவர் எப்பொருளை எடுத்தாலும் வைத்தாலும் நோக்கி எடுத்து நோக்கி வைத்தல் ஆதான நிக்ஷேபண சமிதி. கழிப்பனவற்றை உயிர்க்கு ஊறு நேராத இடம் பார்த்துக் கழித்தல் உத்ஸர்க சமிதி. ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் விதி உண்டு. தேவைக்கு மேல் ஒரு தட்டும் வளர்ப்பதில்லை. பயன்பட்டவை 121 பாகை நீராவியில் வைக்கப்பட்ட பின்னரே வெளியேறும். இல்லையேல் அடங்காத கிருமி சாக்கடை வழியே ஊரில் புகும். முனிவரின் சமிதியும் விஞ்ஞானியின் விதியும் ஒன்றென நாம் கூறவில்லை. முன்னது வீடுபேற்றுக்கு, பின்னது உடல்நலத்திற்கு. ஆனால் இரண்டிற்கும் உயிர்நாடி விழிப்பே.

அப்படியாயின் அவருக்குப் பாவமே இல்லையா? இதனை அம்மாணவியிடமே கேட்டோம். அவர் கூறியது: "இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் டீச்சர். மருந்துச் சோதனைக்கு உலகெங்கும் பயன்படும் முல்லர்–ஹின்டன் ஊடகத்தில் மாட்டிறைச்சிச் சாறு சேர்கிறது. செம்மறியாட்டுக் குருதி கலந்த ஊடகமும் வேண்டியிருக்கிறது. அது என் கடன். கழிந்துவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். ஒரு தட்டு வீணானாலும் அது என் மனத்தில் நிற்கும்."

கடனைக் கடன் என்று அறிந்திருப்பவரிடம் பிரமாதம் எங்கே இருக்கிறது?

பிரமாதம் இருந்த இடம்

அது நம் வீட்டில் இருந்தது. இதனை எழுத நமக்கு நாணமாக உள்ளது. ஆயினும் எழுதாவிடில் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

நம் சமையலறை அலமாரியில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று பல்லாண்டுகள் இருந்தது. அதில் மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தோம். ஜலதோஷம், தொண்டைக் கட்டு, இலேசான காய்ச்சல் எதுவாயினும் அதிலிருந்து இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்வோம். தீர்ந்தால் தெருமுனை மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி நான்கு மாத்திரை வாங்குவோம். சீட்டு எதற்கு? டீச்சர் அல்லவா கேட்கிறார்! ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அது கொல்வதெல்லாம் நம் குடலில் தீங்கின்றி வாழும் பாக்டீரியாக்களை. மனித உடலில் அவ்வாறு உறைபவை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-இல் ஒரு கணக்கீடு வெளிவந்தது. நீரில் ஓர் உயிரும் மாயலாகாது என்று மும்முறை சீலை பார்த்து வடிகட்டிய அதே கையால், எவ்விதத் தேவையுமின்றி எத்தனை உயிரைக் கொன்றோம்! அன்று மாணவியின் தட்டைக் கண்டு அஞ்சிய நமக்கு நம் பாட்டில் கண்ணில் படவில்லை.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் நம் தமக்கையார் இருந்தார். நம் இல்லத்திற்கு வந்து திரும்பும்போதெல்லாம் அப்பாட்டிலிலிருந்து பத்து மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுப்போம். அவசரத்திற்கு உதவுமே என்ற அன்பினால். 2018-இல் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நகரில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீர் வழியில் தொற்று ஏற்பட்டுக் குருதியில் கலந்தது. பரிசோதனை அறிக்கை வந்தபோது நம் மாணவி உடன் இருந்தார். பதினெட்டு மருந்துகளின் பெயர்கள். பதினாறின் எதிரே 'ஆர்'.

எஞ்சியவற்றுள் கொலிஸ்டினைத் தேர்ந்தனர். சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய பழைய மருந்து. வேறு வழியின்றித் தருவது. ஊசி ஏற்றும்போது தமக்கையார் மெலிந்த குரலில் மாணவியைக் கேட்டார்: "உள்ளே இருக்கிற அத்தனை உயிரையும் கொல்லத்தானே அம்மா இது?"

மாணவி பொய் சொல்லவில்லை. "ஆம் அம்மா, கொல்லத்தான். ஆனால் இவை அடங்காமல் போனதற்கு முன்னால், வேண்டாத இடங்களில் வேண்டாத நேரத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து கொன்றவை இதைவிட அதிகம்" என்றார்.

அவர் பொதுவாகத்தான் கூறினார். நமக்கு மட்டும் தாளில் மடித்த பத்து மாத்திரைகள் கண்முன் வந்தன. பத்தொன்பதாம் நாள் தமக்கையார் பஞ்ச நமஸ்காரத்தைக் கேட்டவாறே உயிர் நீத்தார். நம் மாத்திரைகளால்தான் அது நேர்ந்தது என்று நாம் கூறவில்லை. எந்தக் கிருமி எங்கு அடங்காமல் ஆயிற்று என்று ஒரு தனி மனிதரின் வாழ்வில் அளந்து காட்ட இயலாது. நமக்கு அதில் பங்கில்லை என்றும் நாம் கூற இயலாது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக விளைந்த மரணங்கள் ஏறத்தாழ 2,97,000 என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றுள் ஒவ்வொன்றிலும் பலருடைய பிரமாதம் துளித்துளியாகச் சேர்ந்திருக்கிறது.

மயிலையின் நேமிநாதர்

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் நேமிநாதர் ஆலயம் இருந்தது. அவரைப் பாடிய அவிரோதி ஆழ்வாரின் திருநூற்றந்தாதி இன்றும் நம்மிடையே உள்ளது. கடல்கோளுக்கு அஞ்சித் திருமேனியை மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்றதாக மரபு கூறும். அப்பெருமானின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். திருமணத்திற்குச் செல்லும் வழியில் அடைபட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்டு, இவை யார்பொருட்டு அடைபட்டன என்று வினவினார். தம் மணவிருந்தின் பொருட்டே என்று அறிந்ததும் தேரைத் திருப்பினார். அவர் ஒரு விலங்கையும் தொட்டவரல்லர். ஆயினும் "என் பொருட்டு" என்ற அளவில் தம் பங்கை உணர்ந்தார்.

நாமும் அவ்வினாவைக் கேட்டுப் பழகுதல் வேண்டும். கோழிப் பண்ணைகளில் தீனியோடு ஆன்டிபயாடிக் கலந்த வழக்கம் உண்டு. மனிதருக்கு இறுதி மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை அரசு 2019 ஜூலையில்தான் தடை செய்தது. நாம் புலால் உண்பதில்லை, நமக்கென்ன என்று இருத்தல் ஆகாது. மண்ணிலும் நீரிலும் கலந்த கிருமிக்குச் சைவ வீடு, அசைவ வீடு என்ற வேற்றுமை இல்லை.

நீர் வடிகட்டுதலின் மற்றொரு பாதியையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். வடிகட்டிய சீலையில் தங்கிய உயிர்களை, எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அக்கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பது நம் பாட்டிமார் கண்ட முறை. குழாய் வந்தபின் அப்பாதி மறைந்துவிட்டது. நம் தேவை முடிந்தபின் எஞ்சியது எங்கே போகிறது என்பதும் விரதத்தின் பகுதி என்பதே அதன் கருத்து. மாத்திரைக்கும் அதுவே பொருந்தும். மீந்ததைச் சேர்த்து வைத்தலும், பிறர்க்கு அன்பளித்தலும், சாக்கடையில் கரைத்தலும் கூடா. மருத்துவர் சீட்டின்றி வாங்குதல் கூடாது. "இது அவசியந்தானா?" என்று மருத்துவரைக் கேட்பதில் நாணம் வேண்டா. அவர் அவசியம் என்று தந்தால், கூறிய அளவில், கூறிய நாள்வரை உண்ண வேண்டும். விரதத்தின் பெயரால் உயிர்காக்கும் மருந்தை மறுப்பதும் அறமன்று.

மருந்தின் ஆற்றல் எவருக்கும் தனியுடைமை அன்று. அது ஒரு பொதுக் கிணறு. தேவையின்றி இறைத்தவர், இன்னும் பிறவாத குழந்தையின் பங்கை எடுத்தவர். உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானத்திற்கு நாம் பொருள் ஈட்டித் தருகிறோம். வேண்டாத மருந்தை உண்ணாதிருத்தலும் இக்காலத்தில் ஒரு மருந்துத் தானமே. அதற்குப் பொருட்செலவு இல்லை; விழிப்பு மட்டுமே செலவு.

தாய்க்கு விடை

தியாகராய நகர் அன்னையே! உங்கள் மகள் அப்பணியில் சேரட்டும். அது பாவமற்ற பணி என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவ்வாறு நம்பினால் கை அலட்சியமாகும். தேவைக்கு மேல் ஒரு தட்டும் வளர்க்காதே, வீணாக ஓர் உயிரும் போக விடாதே, கண்ட உண்மையை எவர் சினந்தாலும் மறைக்காதே, நாள் முடிவில் பிரதிக்ரமணத்தை மறவாதே என்று சொல்லி அனுப்புங்கள். உங்கள் மாமியாரின் அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத உயிரையும் எண்ணி அஞ்சும் அந்த மனத்தை நம் பெண் ஆய்வுக்கூடத்திற்குள் எடுத்துச் செல்வாளாயின் அது அவளுக்குப் பெருந்துணை.

பின்னர் வீட்டிற்குள் சென்று அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே ஒரு பழைய பாட்டில் இருக்கலாம். மாமியாரும் நீங்களும் சேர்ந்தே அதனை வெளியே எடுங்கள். இந்த விரதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தலை கவிழ்ந்து சென்ற மாணவியிடம் சென்ற தீபாவளியன்று நாம் மன்னிப்புக் கேட்டோம். "டீச்சர், அன்று நீங்கள் சொன்ன சொல்தான் ஒவ்வொரு தட்டையும் என்னை எண்ண வைக்கிறது" என்று கூறி வணங்கினார். அது அவருடைய பெருந்தன்மை. நம் தவறு தவறே.

அறம் வளர்க!